‘டேட்டாதான் இருக்கிறதே’ என்பவர்களுக்கு மறுப்பு

மாணவர்களின் சொந்தக் கைபேசியையும் லேப்டாப்பையும் கல்லூரி வைஃபையில் சேர்க்கக் கூடாது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் என்று இந்த வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் பதில். தாளாளர் சொல்கிறார், துறைத்தலைவர் ஆமோதிக்கிறார், பெற்றோர் ‘அதுதான் நல்லது’ என்கிறார்கள், மாணவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இந்தக் கருத்து தவறானது. இதற்கான செலவை பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தும் செக்கிங் மேசையில் நின்றும் சம்பாதிக்கும் குடும்பங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கின்றன என்பதால்தான் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடலாம். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அதில் டேட்டா இருக்கிறது. கல்லூரி தனியாக இணையம் தர வேண்டியதில்லை. தந்தால் பாடத்தை விட்டுவிட்டு ரீல்ஸ் பார்ப்பார்கள். யார் போனில் என்ன வைரஸ் இருக்கிறது என்று தெரியாது; அது அலுவலகக் கணினிக்கும் தேர்வுப் பிரிவுக்கும் பரவும். யாராவது ஒருவன் தப்பான மெயில் அனுப்பினால் போலீஸ் முதல்வர் அறைக்கு வரும். இரண்டாயிரம் பேர் ஒன்றாக இணைந்தால் வலை படுத்துவிடும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்பித்தான் அனுப்புகிறார்கள். இவ்வளவுக்கும் கணினி லேப் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். இவற்றில் எதுவும் பைத்தியக்காரத்தனமான கவலை அன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பொறுப்புள்ள ஒருவரின் பயம் இருக்கிறது. ஆனால் பயம் உண்மையாக இருப்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் மருந்து சரியாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி, முதலிபாளையத்தில் 1997-இல் தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி, ஊரைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் என்று இங்கே பட்டியல் நீளும். இவற்றில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று தராதரம் போடுவது என் வேலை அன்று. கருத்தோடுதான் என் வழக்கு.

1. எல்லோர் கையிலும் டேட்டா இருக்கிறதா? போனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. 2025 மார்ச்சில் தாக்கலான மாநில பட்ஜெட், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சாதாரண லேப்டாப்பில் சிம் போட இடம் கிடையாது. அது இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும், அல்லது யாராவது போனில் ஹாட்ஸ்பாட் போட வேண்டும். அரசு ஒரு கையால் கருவியைக் கொடுக்கிறது. அந்தக் கருவி பகலெல்லாம் இருக்கும் இடத்தில் அதற்கு இணைப்பு இல்லை என்று கல்லூரி சொல்கிறது. பொதுப் பணத்தில் வாங்கிய பொருளைப் பாதிச் செயலிழக்கச் செய்கிறோம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

அடுத்தது விலை. 2024 ஜூலை 3 அன்று ஜியோ கட்டணத்தை உயர்த்தியபோது நாளுக்கு 2 ஜி.பி. தரும் 28 நாள் பேக் 299 ரூபாயிலிருந்து 349 ஆனது. வருடத்துக்கு 13 ரீசார்ஜ். மொத்தம் 4,537 ரூபாய். மாநில அரசின் புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்தில் ஒரு மாணவிக்கு மாதம் 1,000 வீதம் வருடத்துக்கு 12,000 வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டெலிகாம் கம்பெனிக்கே போய்விடும். கல்லூரியில் வைஃபை இருந்தால் அவள் ரீசார்ஜையே நிறுத்திவிட மாட்டாள் என்பது சரிதான். வீட்டுக்குப் பேச வேண்டும், பஸ்ஸில் போகும்போது தேவைப்படும். ஆனால் அதே கட்டண உயர்வில் 189 ரூபாய்க்கு வந்த சிறிய பேக்குக்கு அவள் இறங்க முடியும். வித்தியாசம் வருடத்துக்கு 2,080 ரூபாய். இரண்டாயிரம் மாணவர் படிக்கும் கல்லூரி என்றால் 41 லட்சத்து 60 ஆயிரம். கல்லூரி செலவு செய்யாததால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. அது இரண்டாயிரம் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘எல்லோர் கையிலும்’ என்பதும் உண்மையில்லை. அப்பா கம்பெனிக்கு எடுத்துப்போகும் ஒரே ஸ்மார்ட்போனுக்காக இரவு ஒன்பது மணிவரை காத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. கொரோனா காலத்தில் அரசே இதை ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில், ஆன்லைன் வகுப்புக்காக 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசமாக அறிவிக்கப்பட்டது. மாணவர்களிடம் டேட்டா இருந்திருந்தால் அந்தத் திட்டத்துக்கே தேவை இருந்திருக்காது. அந்த நான்கு மாதங்களுக்குப் பிறகு ஏழ்மை தீர்ந்துவிட்டதா? திருப்பூரைப் பொறுத்தவரை பதில் எல்லோருக்கும் தெரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது ஆர்டர் நின்ற கம்பெனிகளில் முதலில் குறைந்தது ஓவர்டைம். ஓவர்டைம் குறைந்த வீட்டில் எதை முதலில் நிறுத்துவார்கள்? பிள்ளையின் ரீசார்ஜ் அந்த வரிசையில் முன்னாலேயே நிற்கும்.

2. ‘லேப் இருக்கிறது, அங்கே உட்காரட்டும்.’ எப்போது உட்கார்வது? லேப் வகுப்பு நேரத்தில் வகுப்புக்குப் போய்விடுகிறது, வகுப்பு முடிந்ததும் பூட்டப்படுகிறது. மாலை நாலரைக்கு மேல் பார்ட் டைம் வேலைக்கு, கைமடிக்கோ செக்கிங்குக்கோ போகிற மாணவனுக்கு இடைவேளையில் கிடைக்கும் இருபது நிமிடம்தான் சொந்த நேரம். அந்த இருபது நிமிடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்க முடிய வேண்டும். இதற்கு மேல் இந்தக் கருத்துக்குப் பதில் தேவையில்லை.

3. நூலகத்தின் பெரும்பகுதி இப்போது எங்கே இருக்கிறது என்று இவர்கள் யோசித்ததுண்டா?

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இதில் அடக்கம். சென்னையிலும் டெல்லியிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியவையாக இருந்த ஆய்விதழ்கள் மாவட்ட அரசுக் கல்லூரி மாணவர்வரை வர வழி பிறந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை உயர்கல்வியில் அண்மையில் நடந்த நல்ல காரியங்களில் இது முன்வரிசையில் வரும்.

இத்தகைய இதழ்கள் யாருக்குத் திறக்கும்? ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து வருகிறோமா என்பதை ஐ.பி. முகவரியை வைத்துப் பார்த்துத் திறப்பதே பதிப்பகங்களின் நெடுநாள் வழக்கம். கல்லூரி வலையில் இருக்கும் கணினிக்குக் கட்டுரை திறக்கும். அதே வளாகத்தில், அதே பெஞ்சில், ஜியோ டேட்டாவில் இருக்கும் மாணவிக்குப் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வரும். நிறுவன லாகின் வழியாக வெளியிலிருந்தும் நுழைய ஏற்பாடு உண்டு. ஆனால் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு உருவாக்கித் தரும் கல்லூரியில்தான் அது நடக்கும். வைஃபைக்கே தனிக் கணக்கு தர மறுக்கும் கல்லூரி இதற்கு மட்டும் தந்துவிடுமா? ‘டேட்டாதான் இருக்கிறதே’ என்ற வாதம் இங்கே அடியோடு விழுகிறது. மாணவி எவ்வளவு ரீசார்ஜ் செய்தாலும் கல்லூரி வலையில் கிடைப்பது அவளுக்குக் கிடைக்காது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் ஆன்லைன் பாடங்களாக எடுக்க அனுமதிக்கிறது. மாநில அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்திலும் பல பயிற்சிகள் இணையத்தில் நடக்கின்றன. பாடத்திட்டத்தை இணையத்துக்கு ஏற்றிவிட்டு, ஏணியை மட்டும் மாணவரே வாங்கிவர வேண்டும் என்பது என்ன நியாயம்?

4. ‘வைஃபை தந்தால் ரீல்ஸ் பார்ப்பார்கள்.’ வைஃபை தராததால் பார்க்காமல் இருக்கிறார்களா?

செல்போன் அலைவரிசை கல்லூரிச் சுவரில் நின்றுவிடுவதில்லை. ரீல்ஸ் பார்க்க வேண்டியவன் 4ஜி-யிலும் 5ஜி-யிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குப் போன் போதும், நாள் டேட்டா போதும். போதாமல் போவது எதற்கு? இரண்டு மணி நேர விரிவுரை வீடியோவுக்கு, நூறு பக்க பி.டி.எஃப். தரவிறக்கத்துக்கு, லேப்டாப்பில் மென்பொருள் நிறுவுவதற்கு. ஆக, பூட்டிய வைஃபை பொழுதுபோக்கை விட்டுவிட்டுப் படிப்பைத்தான் வடிகட்டுகிறது. கவனச்சிதறல் உண்மையான பிரச்சினை, நான் மறுக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது போனைப் பைக்குள் வைக்கச் சொல்ல ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு. அது வகுப்பறை ஒழுங்கு. வளாகம் முழுவதற்கும் இணைப்பை மறுப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் இந்த வாதம் வலுவாகத் தெரிகிறது.

தடைகளின் வரலாறும் நம் முன்னால் இருக்கிறது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் உடைக் கட்டுப்பாட்டோடு கைபேசித் தடையையும் கொண்டுவந்தது. இன்று அதே கல்லூரிகள் வருகைப்பதிவையும் மதிப்பெண்ணையும் தேர்வு அறிவிப்பையும் கைபேசிக்குத்தான் அனுப்புகின்றன.

ஆபாசத் தளம், சூதாட்டச் செயலி என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றை வடிகட்டும் வசதி கல்லூரி வலையில் உண்டு. முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு வேலை செய்யும். மாணவர் அந்த வலைக்குள் வந்தால்தானே வடிகட்டி அவர்மேல் செயல்படும்? வெளியே துரத்திவிட்டு, வெளியே என்ன பார்க்கிறார்களோ என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

5. மாணவர் போனிலிருந்து தேர்வுப் பிரிவுக்கு வைரஸ் பரவும் என்றால், குற்றம் யாருடையது?

இரண்டும் ஒரே வலையில் இருந்தால்தான் பரவ வழி உண்டு. ஒரே கேபிளில், ஒரே ரூட்டரில், அலுவலகம், தேர்வுப் பிரிவு, ஆசிரியர், மாணவர், விருந்தினர் என்று ஒன்றை ஒன்று பார்க்க முடியாத தனித்தனி வலைகளாகப் பிரிப்பது புதிய வித்தை அன்று. வி-லேன் என்பார்கள். நிர்வகிக்கக்கூடிய எந்த ஸ்விட்சிலும் இருக்கும் வசதி. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பையர் வந்து மீட்டிங் ரூமில் உட்கார்ந்ததும் அவர் லேப்டாப்புக்கு கெஸ்ட் வைஃபை கொடுக்கிறார்கள். அவர் லேப்டாப்பில் வைரஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கணக்கும் சம்பளப் பட்டியலும் இருக்கும் கணினிகள் வேறு வலையில் இருக்கின்றன. கம்பெனியில் அரை மணி நேரத்துக்கு வரும் அந்நியருக்குச் செய்யத் தெரிந்ததை, கல்லூரிக் குழுவில் அதே முதலாளி உட்காரும்போது மூன்று வருடம் படிக்கப்போகும் மாணவிக்குச் செய்ய முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போதிருக்கும் ‘பாதுகாப்பு’ எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வளாகம் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆசிரியர்களுக்கு மட்டும் என்று சொல்லித் தந்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல், இணைந்திருக்கும் போனிலிருந்து ஒரு கியூ.ஆர். கோடு காட்டினால் போதும், அடுத்த போன் இணைந்துவிடும். லேப் உதவியாளருக்கு வேண்டப்பட்ட மாணவன், விழாவுக்கு மேடை போட்டவன், ஒரு ஆசிரியரிடம் செல்லப்பிள்ளையாக இருப்பவன் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். கேட்கக் கூச்சப்படும் முதல் தலைமுறை மாணவி வெளியே இருப்பாள். தடை என்று பெயர்; நடப்பது சலுகை. அதோடு, ஒரே பாஸ்வேர்டு உள்ள வலையில் அதைத் தெரிந்தவர் மற்றவர் இணையும் கணத்தைப் பிடித்துவிட்டால் அவர் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கவும் முடியும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிச் சாவி என்று இருந்தால் இந்த வழி அடைபடுகிறது. 802.1எக்ஸ் என்ற இந்த முறை 2001-லிருந்து இருக்கிறது. அதற்கு வேண்டிய சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

கருவியின் வைஃபை அடையாள எண்ணான மேக் அட்ரஸை விண்ணப்பத்தில் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் சேர்ப்போம் என்ற நடுவழி ஒன்றும் உண்டு. காலாவதியான வழி அது. ஆண்ட்ராய்டு 10-க்கும் ஐ.ஓ.எஸ். 14-க்கும் பிறகு போன்கள் வலைக்கு வலை வேறு வேறு மேக் முகவரியைத் தாங்களே உண்டாக்கிக் காட்டுகின்றன. மாணவர் அமைப்புப் பக்கத்தில் பார்த்து எழுதிக் கொடுத்த எண் ஒன்றாக இருக்கும், வலை காண்பது வேறாக இருக்கும். பிறகு ‘உன் போன் சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

6. போலீஸ் வரும் என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சரியாகப் படித்தால் அது எதிர்த்தரப்புக்கே எதிராகப் பேசும்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் விசாரணையில் சிக்கித் தவித்தார். அதன்பின் 2009-இல் தொலைத்தொடர்புத் துறை பாதுகாப்பற்ற வைஃபைக்கு எதிராக அறிவுறுத்தல் கொடுத்தது. பாடம் என்ன? யார் இணைந்தார் என்று தெரியாத வலை ஆபத்து. எவரையும் இணைக்காதே என்று அந்தப் பாடம் சொல்லவில்லை. இணைபவர் ஒவ்வொருவரும் தன் பெயரில் இணையட்டும் என்கிறது. ஒரே பாஸ்வேர்டைப் பத்து வருடமாக மாற்றாமல் வைத்திருக்கும் கல்லூரியில் நாளை ஒரு தவறு நடந்தால், முதல்வரால் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. தனி லாகின் இருக்கும் கல்லூரியில் எந்த நேரத்தில் எந்தக் கணக்கு என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையும் இந்தத் திசையில்தான் போகிறது.

இந்த ஊருக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே விளக்கலாம். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மீண்டும் திறக்க முடிந்தது எதனால்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எந்த யூனிட் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பது கணக்குக்கு வந்ததால், ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டதால். பொதுக் குழாயில் யார் விட்டார்கள் என்று தெரியாதவரை எல்லோரும் குற்றவாளிகள். அளந்த பிறகு தவறியவர் மட்டும் குற்றவாளி.

ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். யார், எப்போது இணைந்தார் என்ற பதிவு போதும். எந்த மாணவி எந்தப் பக்கத்தைப் பார்த்தாள் என்று துருவுவதற்கும், வைஃபைக்காக ஆதார் எண்ணும் அப்பாவின் போன் நம்பரும் கேட்பதற்கும் இதைச் சாக்காக்கக் கூடாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. தேவைக்கு மேல் தரவு வாங்கும் பழக்கம் கல்லூரிகளையும் விட்டாக வேண்டும்.

7. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்லும்போது, யாரைப் பாதுகாக்கிறோம், எதிலிருந்து?

கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை போன் தொடக் கூடாது, இளங்கலை மாணவிகள் லேப்டாப் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னது. பெற்றோரும் சம்மதித்துத்தான் விதி போட்டோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மற்றவர் படிப்பைக் கெடுக்காதவரை, எப்படிப் படிப்பது என்பதை வயது வந்த ஒரு மாணவியே தீர்மானிப்பாள்.

கல்லூரியில் இருக்கும் பெரும்பாலோர் 18 வயது கடந்து வாக்களிப்பவர்கள். இதே ஊரில், அதே வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தனியாக விடுதியில் தங்கி கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். அவர்களின் உழைப்பை நம்புகிற ஊர், படிக்கும் பெண்ணின் கையில் ஒரு லாகினைக் கொடுக்க அஞ்சுகிறது. வைஃபை இல்லாத மாணவி என்ன செய்கிறாள்? டேட்டா உள்ள யாரிடமாவது ஹாட்ஸ்பாட் கேட்கிறாள். தினமும் ஒருவரிடம் கடன்பட்டு நிற்கும் நிலையில்தான் அவளுக்குப் பாதுகாப்பு குறைகிறது.

8. ‘இரண்டாயிரம் பேரைத் தாங்காது.’ இதில் பாதி உண்மை உண்டு, அதனால் நேராகப் பேசுவோம்.

வீட்டுக்கு வாங்கும் ரூட்டர் ஒன்றை ஆடிட்டோரியத்தில் மாட்டினால் தாங்காதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் மூன்றே. அருகருகே பத்து ரூட்டர் வைத்து எல்லாம் ஒரே சேனலில் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது. வகுப்பறைக்கு ஏற்ற ஆக்சஸ் பாயிண்டுகள், 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் பங்கீடு, ஆளுக்கு இவ்வளவு வேகம் என்ற வரம்பு எல்லாம் வேண்டும். செலவு ஆகும். ஆனால் இரண்டாயிரம் பேரும் ஒரே நொடியில் வீடியோ பார்ப்பதில்லை. வகுப்பு நேரத்தில் பெரும்பாலோர் வகுப்பில் இருப்பார்கள். ஆளுக்கு நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் என்று வரம்பு வைத்தாலே விரிவுரை வீடியோ ஓடும். முதல் வருடம் நூலகத்திலும் கேன்டீனிலும் மட்டும் தொடங்கலாம், அடுத்த வருடம் வகுப்பறைகளுக்குப் போகலாம். ‘ஒரே நாளில் முழு வளாகத்துக்கும் முடியாது’ என்பதற்கும் ‘செய்யவே கூடாது’ என்பதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. முன்னே கணக்கிட்ட 41 லட்சத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் செலவைப் பேச வேண்டும்.

2020 டிசம்பர் 9 அன்று ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டம், உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் ஒரு பேக்கரிக்காரர்கூடப் பொது வைஃபை நடத்தலாம் என்கிறது. நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் யார் வேண்டுமானாலும் வைஃபையில் இணையலாம். பிளாட்பாரத்தில் முடிந்தது பல்கலைக்கழகத்தில் முடியாதா?

9. ‘பனியன் தொழிலுக்குப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?’ வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் பல வாதங்களுக்கு அடியில் இருப்பது இதுதான். எனக்கு மிகவும் கோபம் தருவதும் இதுதான்.

இந்தத் தொழில் எங்கே போகிறது என்று பாருங்கள். பேட்டர்ன் கணினியில் வரைகிறார்கள். சாம்பிளைத் துணியில் தைப்பதற்கு முன்னால் முப்பரிமாண மென்பொருளில் உடுத்திக் காட்டுகிறார்கள். மெர்ச்சண்டைசரின் நாள் டெக் பேக்கில் தொடங்கி வீடியோ காலில் முடிகிறது. 2024 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகிறது. 2025 ஏப்ரலில் வந்த அதன் செயல்திட்டத்தில் ஆடைகள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. எந்த நூல், எந்தச் சாயம், எந்த ஆலை என்பது போன்ற விவரம் ஒவ்வொரு ஆடையோடும் டிஜிட்டலாகப் போக வேண்டிவரும். அந்த விவரத்தைச் சேர்த்து, சரிபார்த்து, பையருக்கு அனுப்பப்போவது யார்? திருப்பூரில் இன்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். அவர்களை இணையத்துக்கு வெளியே வளர்த்துவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று பெங்களூருக்கு ஆளனுப்பித் தேடுவது யாருக்கு லாபம்?

10. கடைசியாக வருவது நிர்வாகத்தின் அலுப்பு. ‘சேர்த்துவிட்டால் தினமும் ஐம்பது பேர் வந்து கனெக்ட் ஆகவில்லை என்று நிற்பார்கள்.’ இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வலைகள்கூட இங்கேதான் விழுகின்றன.

தனி லாகின் உள்ள வலையில் ஆண்ட்ராய்டு போன் இணையும்போது இ.ஏ.பி. முறை எது, சான்றிதழ் எது, டொமைன் எது, அடையாளம் எது என்று வரிசையாகக் கேட்கும். புரியாத மாணவர் எதையாவது தொட்டுவிட்டுத் தோற்பார். முன்பு ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒரு தேர்வு இருந்தது. எல்லோரும் அதையே அழுத்தினார்கள். அதே பெயரில் போலி வைஃபை ஒன்றை யாராவது போட்டால் பாஸ்வேர்டு பறிபோகும் என்பதால் 2020 இறுதியிலிருந்து ஆண்ட்ராய்டு அதை எடுத்துவிட்டது. சரியான முடிவு. ஆனால் பழைய வழிகாட்டித் தாளையே ஒட்டிவைத்திருக்கும் கல்லூரிகளில் புதிய போன்கள் இணைய மறுத்தன, பழி மாணவர்மேல் விழுந்தது.

இதற்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிய எஜுரோம், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. ஓர் உறுப்பு நிறுவனத்தின் மாணவர் வேறு எந்த உறுப்பு நிறுவனத்துக்குப் போனாலும் தன் சொந்த லாகினிலேயே இணைந்துவிடுகிறார். இந்தியாவில் எர்னெட் நிறுவனம் இதை நடத்துகிறது. மாணவரை இந்தக் கேள்விகளுக்குள் தள்ளாமல், சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் தானே அமைத்துவிடும் செயலியும் அதற்கு உண்டு. உறுப்பினராகாத கல்லூரியும் அதே முறையைத் தன் வளாகத்துக்குள் பின்பற்றலாம்.

வேண்டியது நான்கைந்து காரியங்கள். சேர்க்கை எண் தரும் அன்றே வைஃபை கணக்கும் தர வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று, விண்டோஸ் லேப்டாப்புக்கு ஒன்று என்று தமிழில், படத்தோடு, ஒவ்வொரு ஜூனிலும் திருத்திய வழிகாட்டித் தாள் வேண்டும். சம்பளம் கொடுத்து வைத்த ஒரு வலை நிர்வாகி வேண்டும். லேப் உதவியாளர் தலையில் இதையும் கட்டக் கூடாது. படிப்பு முடிந்து போகிறவரின் கணக்கு அன்றே மூடப்பட வேண்டும். முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில், நூலக வாசலில் ஒரு மேசை போட்டு, கணினி அறிவியல் மூன்றாமாண்டு மாணவர்கள் நாலு பேரை உட்கார வைத்து, வரிசையில் வருகிறவரின் கருவியை அங்கேயே இணைத்துக் கொடுக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் மாணவியும் அந்த வரிசையில் நிற்பாள், ஏனென்றால் எல்லோரும் நிற்பார்கள். அந்த மேசையைப் போடாத நிர்வாகம், பிள்ளைகளுக்கு இணைக்கத் தெரியவில்லை, அதனால்தான் தரவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது.